'புட் டுகெதர்' என்பதைப் போர்த்துகீசியத்தில் எப்படிச் சொல்வது?

மதுரையில் தேக்குப் பலகை ஊஞ்சல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊஞ்சலோடு வைத்து அனுப்பும் ஆங்கிலக் குறிப்புத்தாளில் 'புட் டுகெதர்' என்ற தொடர் நான்கு இடங்களில் வருகிறது: இரண்டு பலகைகளைப் பொருத்தும்போது, கயிற்றின் இரு நுனிகளைச் சேர்க்கும்போது, மெத்தை உறையின் இரு விளிம்புகளை மூடும்போது, கடைசியாக ஊஞ்சல் முழுவதையும் பூட்டும்போது. அகராதி முதலில் காட்டிய 'ஜுன்தார்' என்ற சொல்லையே நான்கு இடத்திலும் போட்டு அனுப்பினீர்கள். பிரேசிலில் உள்ள வாடிக்கையாளர் "பொருள் புரிகிறது, ஆனால் செய்ய வேண்டியது புரியவில்லை" என்று பதில் எழுதினார். சரியான ஒரே சொல் எது என்பது உங்கள் கேள்வி.

நான்கு இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல் போர்த்துகீசியத்தில் கிடையாது. தமிழிலும் கிடையாது என்பதைக் கவனித்தீர்களென்றால் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் பட்டறை ஆசாரியிடம் அந்த நான்கு வேலைகளையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பலகையைப் பொருத்துவார், கயிற்றை முடிவார், உறைக்குப் பொத்தான் போடுவார், ஊஞ்சலைப் பூட்டுவார். நான்கிலும் 'சேர்' என்று அவர் சொல்லவே மாட்டார். போர்த்துகீசியம் பேசும் தச்சரும் அப்படித்தான், நான்கு வினைகளை நான்கு இடத்தில் வைப்பார். ஆங்கிலம்தான் 'போடு' என்ற பொருள் தரும் மிகச் சாதாரண வினை ஒன்றை எடுத்து, அதன் பின்னால் 'ஒன்றாக' என்ற சிறுசொல்லை ஒட்டி, எப்படிச் சேர்ப்பது என்பதைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. அந்தத் தொடரில் முடிவு மட்டுமே இருக்கிறது, வழி இல்லை. தமிழும் போர்த்துகீசியமும் வழியை வினைக்குள்ளேயே வைத்திருக்கும் மொழிகள். ஆகவே ஆங்கிலத் தாளை அகராதி கொண்டு மாற்றுவதைவிட, ஆசாரியின் தமிழிலிருந்து நேராகப் போர்த்துகீசியத்துக்குப் போவதே உங்களுக்குக் குறுக்குவழி.

கீழே போர்த்துகீசியச் சொற்களை அவற்றின் எழுத்தைப் பின்பற்றித் தமிழில் தருகிறேன். ஒலிப்பு பிரேசிலுக்கும் போர்த்துகலுக்கும் மாறும். குறிப்பாக 'ஜுன்தார்' என்பதன் முதல் ஒலி நம் 'ஜ'வைவிட மென்மையானது, பல்லிடுக்கில் காற்றை உரசி வருவது.

முதலில் கயிற்றை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான்கில் ஆபத்தானது அதுதான். 'ஜுன்தார் அஸ் பொன்தஸ்' என்றால் நுனிகளைச் சேர்ப்பது. ஆனால் அந்தச் சேர்ப்பு, இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் கொண்டுவருவதோடு முடிந்துவிடலாம். முடிச்சு என்ற செய்தி அதற்குள் இல்லை. தமிழில் "நுனிகளைச் சேர்த்து" என்று சொன்னால் கேட்பவர் "சேர்த்து, பிறகு?" என்று காத்திருப்பார் அல்லவா, அதே காத்திருப்புத்தான் உங்கள் வாடிக்கையாளருக்கும் நேர்ந்தது. ஓர் ஆளின் எடையைத் தாங்கப்போகிற கயிற்றில் அந்த இடைவெளி இருக்கக் கூடாது. இங்கே வேண்டிய சொல் 'அமர்ரார்', அதாவது கட்டுதல், அல்லது 'அத்தார்', அதாவது முடிதல். பிரேசிலில் அன்றாடப் பேச்சில் முன்னது அதிகம் புழங்கும். முடிச்சைத் தனியாகச் சொல்ல விரும்பினால் 'தார் உம் நோ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒரு முடிச்சுக் கொடு' என்று வரும், நம் வழக்கில் அது 'முடிச்சுப் போடு'.

கயிற்றிலேயே இன்னொரு நிலைமை உண்டு. மேல்தளம் உயரமாக இருந்து கயிறு எட்டவில்லை என்றால், இன்னொரு துண்டை நுனியோடு நுனி சேர்த்து நீளமாக்குவோம். தமிழில் அதற்கு 'ஒட்டுப் போடுதல்' என்கிறோம். போர்த்துகீசியத்தில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: 'எமெந்தார்'. அறுந்த நூலையோ, நீளம் பற்றாத துணியையோ, மின்கம்பியையோ நுனியோடு நுனி சேர்த்து ஒரே நீளமாக்குவது என்று அதற்குப் பொருள். இந்தச் சொல்லின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இலத்தீனில் அதன் மூலப் பொருள் குற்றம் களைதல், அதாவது திருத்துதல். கிழிந்ததைத் திருத்துவது என்பது பெரும்பாலும் துண்டு வைத்துச் சேர்ப்பதாக இருந்ததால் சேர்ப்பும் அதற்குள் வந்து அமர்ந்துகொண்டது. அதனால்தான் அரசியல் சாசனத் திருத்தத்துக்கும் கயிற்றின் ஒட்டுக்கும் 'எமெந்தா' என்ற ஒரே பெயர்ச்சொல் போதுமானதாக இருக்கிறது. பிரேசிலில் வியாழக்கிழமை பண்டிகை வந்தால் வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்து ஞாயிறு வரை இழுத்துக்கொள்வதை, விடுமுறையை 'எமெந்தார்' செய்வது என்பார்கள். தீபாவளிக்கு நாமும் அதையே செய்கிறோம், "சேர்த்து லீவு போட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு. உங்கள் குறிப்புத்தாளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஊஞ்சல் கயிற்றை யாரும் ஒட்டுப் போட்டு நீட்டிக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் வரி இருந்தால், அங்கே மட்டும் வையுங்கள்.

பலகைகளுக்கு 'என்கைஷார்' என்பது பொருத்தமான சொல். 'கைஷா' என்றால் பெட்டி. பெட்டிக்குள் இறங்குவதுபோல ஒன்றை மற்றொன்றின் பள்ளத்துக்குள் இறக்கிப் பொருத்துவது 'என்கைஷார்'. ஒரு பலகையின் விளிம்பில் நாக்கும் மற்றொன்றின் விளிம்பில் காடியும் செதுக்கி, ஒன்றை மற்றொன்றில் தட்டி இறக்குகிறீர்கள் என்றால் இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. அதற்குப் பிறகு திருகாணி வருமானால் 'பரஃபுசார்' என்று பிரேசிலுக்கும், 'அபரஃபுசார்' என்று போர்த்துகலுக்கும் எழுதலாம். பின்னது பிரேசிலிலும் புரியும். பசை இட்டு ஒட்டுவதானால் 'கொலார்', உலோகத்தைப் பற்றவைப்பதானால் 'சொல்தார்'. இவை உங்களுக்குத் தேவைப்படாது என்றாலும், ஒவ்வொரு கைவேலைக்கும் தனி வினை என்ற ஒழுங்கு கண்ணுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

மெத்தை உறையின் விளிம்புகளைப் பொத்தானால் மூடுகிறீர்கள் என்றால் 'அபொத்தொவார்' என்ற ஒரே வினை போதும். அதன் நடுவில் இருப்பது 'பொத்தாவ்', அதாவது பொத்தான். இந்தச் சொல்லை அவர்களிடமிருந்துதான் நாம் பெற்றோம். உங்கள் பட்டறையின் ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, வேலை மேற்பார்க்கும் மேஸ்திரி என்று இத்தனை பேரும் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்து தங்கிவிட்டவர்கள். தச்சுவேலையைச் சுற்றியே இவ்வளவு சொற்கள் வந்திருப்பதைப் பார்க்கும்போது, பொருள்களோடு பொருள்களாகச் சொற்களும் கப்பலிலிருந்து இறங்கியிருக்கின்றன என்று தோன்றுகிறது. பொத்தானைத் துணியில் வைத்துத் தைப்பதற்கு மட்டும் வேறு வினை: 'ப்ரெகார்'. அதன் முதற்பொருள் ஆணி அடித்தல். ஆணியை மரத்தில் அறைவதும் பொத்தானைத் துணியில் நிறுத்துவதும் அவர்களுக்கு ஒரே வேலை.

கடைசி இடத்தில், முழு ஊஞ்சலையும் பூட்டும்போது, 'மோன்தார்'. பகுதிகள் தனித்தனியாக வந்து ஒரு முழுப் பொருளாக நிமிர்ந்து நிற்பதைச் சொல்லும் வினை இது. கட்டில், மிதிவண்டி, கூடாரம் என எதற்கும் பயன்படும். குறிப்புத்தாளின் தலைப்பிலேயே இதிலிருந்து வந்த 'மோன்தாஜெய்ம்' என்ற பெயர்ச்சொல்லை வைப்பது வழக்கம். ஊஞ்சல் என்பதற்கே இரு நாட்டிலும் இரு சொற்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: பிரேசிலில் 'பலான்சோ', போர்த்துகலில் 'பலோய்சோ'. ஒரே தாளை இரண்டு நாட்டுக்கும் அனுப்பாமல், இந்த ஒரு சொல்லையாவது மாற்றி இரண்டு அச்சாகப் போடுங்கள்.

இப்போது நீங்கள் முதலில் போட்ட 'ஜுன்தார்' பற்றிச் சொல்ல வேண்டும். அது தவறான சொல் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ் 'சேர்' என்ற வினைக்கு நான் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களில் மிக நெருங்கியது அதுதான், அந்த நெருக்கத்தை ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் காணவே முடியாது. பணம் சேர்ப்பது 'ஜுன்தார் தின்யெய்ரோ'. ஆங்கிலத்தில் பணத்தை 'ஜாயின்' செய்ய முடியாது. ஆட்களைத் திரட்டிச் சேர்ப்பதும் 'ஜுன்தார்'. சமையல் குறிப்பில் "உப்புச் சேர்க்கவும்" என்று நாம் எழுதும் இடத்தில் போர்த்துகல் சமையல் குறிப்புகள் 'ஜுன்தெ ஓ சால்' என்று எழுதும். அங்கே ஆங்கிலம் வேறொரு வினையைத் தேடிப் போகும். திருமணச் சடங்கு இல்லாமல் இருவர் சேர்ந்து வாழத் தொடங்குவதை 'கந்தல்களைச் சேர்த்தல்' என்று பொருள்படும் 'ஜுன்தார் ஓஸ் த்ராபோஸ்' என்ற மரபுத்தொடரால் சொல்வார்கள். பிரேசிலில் இதற்குப் பல் துலக்கும் பிரஷ்களைச் சேர்ப்பது என்றும் ஒரு வழக்கு உண்டு.

இதைவிட ஆழமான ஒற்றுமை ஒன்று இலக்கணத்தில் இருக்கிறது. "சேர்ந்தார்கள்" என்பதற்கும் "சேர்த்தார்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஓர் ஒற்றெழுத்தில் காட்டிவிடுகிறோம். முன்னதில் அவர்களே வந்து கூடுகிறார்கள். பின்னதில் வேறு எதையோ கூட்டுகிறார்கள். ஆங்கில வினை இரண்டுக்கும் ஒரே வடிவத்தில் நிற்கும். போர்த்துகீசியமோ இந்த வேறுபாட்டை 'சே' என்ற சிறுசொல்லால் காட்டுகிறது: 'ஜுன்தார்' என்றால் சேர்ப்பது, 'ஜுன்தார்-சே' என்றால் சேர்வது. போர்த்துகீசியம் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் 'சே' எங்கே வரும் என்று ஆங்கில விளக்கங்களை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உருகினான், உருக்கினான், கூடினார்கள், கூட்டினார்கள், பிரிந்தார்கள், பிரித்தார்கள் என்று தமிழ் இணைகளை எழுதி வைத்துக்கொண்டால், 'சே' வர வேண்டிய இடங்களில் பெரும்பகுதி தானே தெளிந்துவிடும். எல்லா இடத்திலும் இது செல்லாது, ஆனால் தொடக்கத்தில் நல்ல கைப்பிடி.

'டுகெதர்' என்ற சிறுசொல்லை என்ன செய்வது என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அதை விட்டுவிட வேண்டும். 'ஜுன்தோஸ்' என்று ஒன்றைத் தேடிப் பிடித்து வினையோடு ஒட்டினால், "ஒன்றாகச் சேர்த்துச் சேர்க்கவும்" என்பதுபோல் ஆகிவிடும். ஆங்கிலச் சிறுசொற்கள் செய்யும் வேலையை நாம் துணைவினைகளால் செய்கிறோம். சேர்த்து வை, சேர்த்துக்கொள், சேர்த்து விடு என்ற மூன்றையும் எண்ணிப் பாருங்கள். "மகளுக்கென்று கொஞ்சம் நகை சேர்த்து வைத்தாள்" என்பதில் 'வை' எதிர்காலத்தைக் கொண்டுவருகிறது. "அவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்" என்பதில் 'கொள்' தம் பக்கம் இழுக்கிறது. "பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன்" என்பதில் 'விடு' வேலை முடிந்ததைச் சொல்கிறது. போர்த்துகீசியத்தில் துணைவினையால் இந்த நிழல்களைக் காட்ட மாட்டார்கள், வினையையே மாற்றிவிடுவார்கள். முதலாவதற்கு 'ஜுன்தார்' என்றோ, பாதுகாத்து வைப்பதைக் குறிக்கும் 'க்வர்தார்' என்றோ வரும். இரண்டாவதற்கு உட்படுத்துதல் என்ற பொருளில் 'இன்க்லுயிர்'. மூன்றாவதற்குப் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிவு செய்வதற்கென்றே உள்ள 'மத்ரிகுலார்'. ஆங்கிலத்தில் பின்னால் ஒட்டும் சிறுசொல், தமிழில் பின்னால் வரும் துணைவினை, போர்த்துகீசியத்தில் வேறொரு முழு வினை என்ற இந்த முக்கோணம் மனத்தில் நின்றால், 'டுகெதர்', 'அப்', 'இன்' போன்றவற்றுக்குத் தனிச் சொல் தேடி நேரம் செலவழிக்க மாட்டீர்கள்.

ஒரே ஆங்கிலத் தொடர் எத்தனை கைவேலைகளை மூடி மறைக்கிறது என்பதை நான் தெளிவாகக் கண்டது எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவின் கையில். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்த மல்லிகை மொட்டுகளை ஈரத்துணியில் கொட்டி வைத்திருப்பார். இரண்டு மொட்டுகளின் காம்பு வலப்புறமும் இரண்டு மொட்டுகளின் காம்பு இடப்புறமுமாக விரலிடுக்கில் நிறுத்தி, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு ஒரு சுண்டு சுண்டுவார். நான்கு பூவும் நூலில் இறுகிவிடும். இது கட்டுவது, தொடுப்பது. கோயிலுக்கு வேண்டிய மாலைக்கு அதே மொட்டுகளை ஊசியில் ஒவ்வொன்றாகக் குத்தி இறக்குவார். இது கோப்பது. ஆங்கிலக் குறிப்பில் இரண்டுக்குமே 'ஸ்ட்ரிங் டுகெதர்' என்று எழுதிவிடுவார்கள். போர்த்துகீசியத்தில் ஊசிவழி கோப்பது 'என்ஃபியார்'; 'ஃபியோ' என்றால் நூல், நூலுக்குள் இறக்குவது என்பது அதன் உட்பொருள், ஊசியில் நூல் நுழைப்பதற்கும் அதே சொல்தான். நூலால் சுண்டிக் கட்டுவதற்கு 'அமர்ரார்' என்று வைத்து, இரண்டிரண்டாக என்று சேர்த்து எழுத வேண்டும். ஒருமுறை மல்லிகைச் சரம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது, அந்த அக்கா ஊசியே தொடாத இடத்தில் நான் 'என்ஃபியார்' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அவரிடம் போய் உட்கார்ந்து பார்த்த பிறகே திருத்தினேன். அதன்பின் கை செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்காமல் இணைப்பு வினை எதையும் நான் தேர்ந்தெடுப்பதில்லை.

பொருள்களை விட்டுக் கருத்துகளுக்குப் போனால் 'புட் டுகெதர்' இன்னும் பலவாகச் சிதறும். அறிக்கை தயாரிப்பதற்கு 'எலபொரார்', குழு அமைப்பதற்கு 'ஃபொர்மார்', இல்லையென்றால் ஆட்களை ஒருங்கு கூட்டும் பொருளில் 'ரெயுனிர்', துப்புகளைக் கோத்து நடந்ததை ஊகிப்பதற்குத் துண்டுகளைச் சேர்த்தல் என்ற பொருளில் 'ஜுன்தார் அஸ் பெசஸ்'. நீங்கள் குறிப்பிட்டிருந்த 'ஜாயின் அப்' என்பதும் இப்படித்தான்: புள்ளிகளைக் கோடிட்டு இணைக்கும் சிறுவர் விளையாட்டில் 'லிகார்', படையில் சேர்வதற்கு 'அலிஸ்தார்-சே'. இரயில் பாதைகள் வந்து சேரும் இடத்துக்கு 'என்த்ரொன்கமென்தோ' என்று பெயர். நாம் மதுரை ஜங்ஷன் என்று சொல்வதுபோன்ற ஒரு சந்திப்பைச் சுற்றி வளர்ந்து, அந்தப் பொதுப்பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட நகரம் ஒன்று போர்த்துகலின் நடுப்பகுதியில் இருக்கிறது. 'லிகார்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மின்விளக்கைப் போடுவதும் தொலைபேசியில் அழைப்பதும் அதே வினைதான் என்பதால், மின்சாரம் தொடர்புடைய குறிப்பில் 'இணைக்கவும்' என்று நினைத்து எழுதியது 'இயக்கவும்' என்று படிக்கப்படலாம்.

ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து போர்த்துகீசியத்துக்கு நேராகப் போவது புதிய யோசனையும் இல்லை. மதுரையில் 1595இலேயே கொன்சாலோ ஃபெர்னாந்தெஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தங்கியிருந்தார். 1606இல் இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி வந்து சேர்ந்தார். அவர்கள் பணியாற்றிய, இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்த ஆன்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்த பிறகு, 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சேறியது. தமிழ்ச் சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து, பொருளைப் போர்த்துகீசியத்தில் எழுதிய நூல் அது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கண்டெடுத்து 1966இல் நிழற்பதிப்பாக வெளியிட்டார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரு மொழிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. இன்று நம்மிடம் கிடைக்கும் அகராதிகளும் மென்பொருள்களும் ஆங்கிலத்தைக் கடந்துதான் போகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நம்மிடம் இருக்கும் பொருத்து, முடி, கோ, தொடு, பிணை, பூட்டு அத்தனையும் அந்த வாசலில் 'புட் டுகெதர்' என்று ஒன்றாகி, மறுபக்கம் வெறும் 'ஜுன்தார்' ஆக வெளியே வருகின்றன.

உங்கள் தாளுக்குத் திரும்புகிறேன். பலகைக்கு 'என்கைஷெ', கயிற்றுக்கு 'அமர்ரெ', உறைக்கு 'அபொத்தோவெ', ஊஞ்சலுக்கு 'மோன்தெ' என்று நான்கையும் ஏவல் வடிவில் எழுதுங்கள். இந்த வடிவம் படிப்பவரை மரியாதையோடு விளிப்பது, நம் 'பொருத்தவும்', 'கட்டவும்' என்பவற்றுக்கு இணையானது, இரு நாட்டிலும் செல்லும். கயிற்று வரியில் இரட்டை முடிச்சு என்பதற்கு 'கொன் உம் நோ தூப்லோ' என்று சேர்த்துவிடுங்கள். அந்த வரிக்குப் பக்கத்தில், ஆசாரி தம் கையால் போட்ட முடிச்சை மூன்று நிலைகளில் படம் எடுத்து அச்சிடச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தாளை எனக்கு அனுப்பினால் ஒருமுறை படித்துத் தருகிறேன்.